நாற்பத்தோராம் எண் வீட்டுக் கடிகாரக்காரர்

எங்கள் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. வருகிறவர்களில் பாதிப்பேர் கதவு மாறி வருகிறவர்கள். மீதிப் பாதிப்பேருக்கு ஒரு ராஜா வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ‘உங்கள் குடும்ப மரம்’ என்று ஒரு வகுப்பு நடத்துகிறோம். ஆளுக்கு ஒரு பெரிய தாள், ஒரு பென்சில். அடியில் உங்கள் பெயர், மேலே அப்பா அம்மா, அதற்கு மேலே தாத்தா பாட்டிகள் என்று கட்டம் கட்டமாக ஏறிக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு மேல் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். அப்போதுதான் என்னிடம் வருவார்கள். பல் டாக்டர் ஒருவர் தன் வம்சம் அரண்மனையில் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டு எட்டு மாதம் வந்தார். அரண்மனையில்தான் தொடங்கியிருந்தது, குதிரைக்குப் புல் போடும் இடத்தில். ஒன்பதாவது மாதம் ஆளைக் காணோம். எனக்குக் கடைவாய்ப்பல் வலித்தபோது வேறு டாக்டரைத் தேட வேண்டியதாயிற்று.

என் சொத்து என்று சொன்னால் அது அட்டைகள்தான். நாற்பத்தெட்டு இழுப்பறை, முப்பத்தோராயிரம் அட்டை. ஊரின் பழைய வீட்டுப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்து, ஆளுக்கொரு அட்டையாக இருபத்திரண்டு வருடம் என் கையால் எழுதியவை. முதல் வரியில் தகப்பன் பெயர், இரண்டாவது வரியில் ஆளின் பெயர், பிறகு தொழில், தெரு, கதவு எண். கடைசி வரியில் எந்தப் பதிவேடு, எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம். அட்டை வெறும் வழிகாட்டி, பதிவேட்டைத் திறந்து பார்த்தால்தான் ஆதாரம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தொண்டை வற்றச் சொல்வேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பதிவேடுகள் பக்கத்துச் சேமிப்பறையில், ஏணி போட்டு ஏறும் உயரத்தில், தூசிக்குள் கிடக்கின்றன.

காதில் போட்டுக்கொள்ளாதவர்களில் முதல் ஆள் தலைமுறை. ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், எங்கள் வகுப்பின் சிறப்புப் பேச்சாளர். எதைக் கேட்டாலும் “ஏழு தலைமுறைக்கு முன்னால...” என்றுதான் ஆரம்பிப்பார். ஆதலால் முதுகுக்குப் பின்னால் தலைமுறை, முகத்துக்கு நேரே சார். தூசி பட்டால் தும்மல் வரும் என்று சேமிப்பறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நான் டீ குடிக்கக் கீழே இறங்கும் கால்மணி நேரத்தில் என் இழுப்பறைகளைத் திறந்து விறுவிறுவென்று எழுதிக்கொள்வார். ஆறு மாதம் கழித்து அது ‘நீண்ட கள ஆய்வின் பயனாக’ என்ற முன்னுரையோடு புத்தகமாக வரும். கடைசிப் புத்தகத்தின் நன்றிப் பட்டியலில் அச்சகத்துப் பூனைகூட இருந்தது. நான் இல்லை.

தலைமை நூலகரிடம் போய்க் குமுறினேன். அவர் சண்டை என்றால் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கும் மனிதர்.

“அவர் காப்பி அடிக்கிறார்னு என்னம்மா ஆதாரம்? ரெண்டு பேரும் ஒரே பதிவேட்டத்தானே பாக்கறீங்க? ஒரே தகவல்தானே வரும்?”

ஆதாரமா கேட்கிறீர்கள், இருங்கள் வருகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு மாடி ஏறினேன்.

மறுநாள் காலை ஒரு மனிதரைப் படைத்தேன். வெற்று அட்டை ஒன்றை எடுத்து, டீத்தண்ணீரைத் தொட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்துப் பழசாக்கினேன். தொழில்: கடிகாரம் பழுதுபார்ப்பவர். பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது வந்து எங்கள் கொள்ளுத்தாத்தா என்பார்கள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் முட்டுத் தெருவில், கதவு எண் நாற்பத்தொன்றில் அவரைக் குடிவைத்தேன். அந்தத் தெரு முப்பத்தெட்டோடு முடிந்துவிடும். வீட்டுப் பதிவேடு, பதினான்காம் தொகுதி, நூற்று ஆறாம் பக்கம் என்று கடைசி வரியில் எழுதினேன். தொகுதிகள் மொத்தமே பதின்மூன்று. ஏணியில் ஏறிப் பார்த்தால் தப்பிப்பார், தெருவில் நடந்து பார்த்தாலும் தப்பிப்பார், எதுவும் செய்யாமல் காப்பி அடித்தால் கையும் களவுமாக மாட்டுவார்.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். எழுத எழுத எனக்கு ஆள்மேல் ஆசை வந்துவிட்டது. இடது கைப் பழக்கம் என்று எழுதினேன். முதல் வரி காலியாக இருக்கக்கூடாதே என்று அவருக்கு ஒரு தகப்பனையும் கொடுத்தேன். கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது. ‘ஒரு மகள். பிறகு தகவல் இல்லை’ என்று நிரப்பினேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

எங்கள் வகுப்புக்குத் தபால்காரம்மா ஒருவர் ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தார். சீருடையோடு வந்து கடைசி நாற்காலியில் உட்காருவார். அவருடைய தாளில் அப்பா பக்கம் ஐந்து கட்டம் ஏறி நெரிசலாக இருந்தது. அம்மா பக்கம் அம்மா மட்டும்தான். அந்த அம்மா எங்கள் ஊர் எல்லையில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். இல்லம் மூடி எவ்வளவோ காலமாகிறது, அதன் காகிதங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. தபால்காரம்மாவுக்கு வேண்டியதெல்லாம் தன் அம்மாவோடு கோடு போட்டு இணைக்க ஒரே ஒரு ஆள். வந்த முதல் நாளே அதைக் கேட்டார். இல்லத்துக்கென்று இருக்கும் இழுப்பறையை இழுத்து, முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை அவர் எதிரிலேயே புரட்டிப் பார்த்தேன். அவர் அம்மா இல்லை. “இல்லம்மா” என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மாதமும் வந்தார்.

இரண்டு மாதம் கழித்து தலைமுறை வகுப்புக்கு ஒரு பெரிய சட்டகத்தைச் செய்தித்தாளில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். தலைமை நூலகரையும் நான் ஏதோ சாக்குச் சொல்லி மாடிக்கு வரவழைத்திருந்தேன், நேரில் பார்க்கட்டும் என்று.

“மூணு தலைமுறைக்கு முன்னால இந்த ஊர்ல ஒரு கடிகாரக்காரர் இருந்தார்” என்று ஆரம்பித்தார்.

வந்துவிட்டார் வலைக்குள்.

“இடது கையால வேலை செய்வார். அந்தக் கை பட்டா நின்ன கடிகாரமும் ஓடும்னு ஜனங்க சொல்லுவாங்களாம். நான் பல பேர விசாரிச்சேன்.”

அடப்பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டேன். நான் படைத்த ஆளுக்கு ராசியான கையையும் கொடுத்துவிட்டார். எழுந்து நின்று போட்டு உடைக்க வாயைத் திறந்தேன்.

“அவருக்கு ஒரே மகள். அந்தக் குழந்தை என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. அந்தக் காலத்துலதான் குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு குழந்தை வருது. யாரு கொண்டுவந்தாங்கன்னு யாருக்கும் தெரியல.” செய்தித்தாளைப் பிரித்தார். தங்க நிற ஓரம் போட்ட சட்டகத்துக்குள் கொடியும் இலையுமாக ஒரு குடும்ப மரம். “அம்மா, கொஞ்சம் முன்னால வாங்க. இவர்தான் உங்க தாத்தா.”

தபால்காரம்மா எழுந்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமை நூலகர்கூடப் பொத்தானை விட்டுவிட்டுக் கைதட்டினார். தபால்காரம்மா சட்டகத்தை இரண்டு கையாலும் வாங்கி, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து, “ரொம்ப நன்றி சார்” என்று மட்டும் சொன்னார். திறந்த என் வாய் அப்படியே இருந்தது. ஈ நுழைந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் தபால்காரம்மாவின் தாத்தாவை நானே கொன்றவளாவேன். சொல்லாவிட்டால் அவர் பேரப்பிள்ளைகள்வரை ஒரு பொய்யை வணங்கிக்கொண்டிருப்பார்கள். என் கணவரிடம் கேட்டேன். “ஒரு நல்ல வேலைல இருக்கற தாத்தாவாத்தானே குடுத்திருக்க, விடேன்” என்றார். இந்த மனிதரிடம் போய்க் கேட்டேனே என்று என்னையே நொந்துகொண்டு, வெள்ளிக்கிழமை காலை தபால் நிலையத்துக்குப் போனேன்.

பின்கட்டில் கடிதம் பிரிக்கும் அறை. சுவர் முழுக்க மரக்கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு தெரு. தபால்காரம்மா நின்றபடி ஒரு கட்டுக் கடிதத்தைச் சீட்டு போடுகிற மாதிரி கட்டங்களுக்குள் எறிந்துகொண்டிருந்தார். நான் முகவுரை ஏதுமில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். டீத்தண்ணீர் உட்பட.

அவர் கை நிற்கவே இல்லை.

“முட்டுத் தெரு முப்பத்தெட்டோட செவுரு மேடம். பத்தொம்பது வருஷமா அந்தச் செவுத்துலதான் சைக்கிள சாத்திட்டு தண்ணி குடிக்கிறேன். எனக்குத் தெரியாதா?”

“அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?”

“கதவு எண் வரைக்கும் படிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷத்த யாரு குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். சார் ஒரு ஆள உருவாக்கற அளவுக்கு மெனக்கெட மாட்டார். எதையாவது பாத்துதான் எழுதியிருப்பார்னு நெனச்சேன்.” கடைசிக் கடிதத்தைக் கட்டத்தில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அவரப் பிடிக்க நீங்க வல போட்டீங்க. நான்ல மாட்டினேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, தானே எழுதி வைத்திருந்த ஒரு உறையை எடுத்துக் காட்டினார். முட்டுத் தெரு, எண் நாற்பத்தொன்று, கடிகாரக்காரர் அவர்களுக்கு என்று முகவரி. அனுப்புநர் இடத்தில் தலைமுறையின் பெயரும் முகவரியும். முத்திரைமேல் முத்திரையாக நாலு இடத்தில் குத்தி, குறுக்கே ‘அப்படி ஒரு முகவரி இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

“அடுத்த வகுப்புக்கு நானே கொண்டுவந்து குடுக்கறேன்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார், ஆனால் கன்னத்தில் குழி விழுந்தது.

கொடுத்தார். தலைமுறை பேச்சைத் தொடங்கித் தொண்டையைக் கனைத்த நேரத்தில், சீருடையும் தோள்பையுமாக நேரே நடந்து போய், “சார், உங்க கடிதம் ஒண்ணு திரும்பி வந்திருக்கு. கையெழுத்து போடுங்க” என்றார். பழக்கதோஷத்தில் அவரும் போட்டார். உறையைப் பிரித்து, நல்ல குரல் இருப்பவர்களுக்கே உரிய வியாதியால், வாய்விட்டே படித்தார்.

“அன்புள்ள தாத்தாவுக்கு, நலம், நலமறிய ஆவல். உங்கள் வீட்டை மூன்று நாளாகத் தேடுகிறேன். முப்பத்தெட்டுக்குப் பிறகு சுவர் இருக்கிறது. தாத்தா சுவருக்குள் இருக்கிறீர்களா, அல்லது சார் விசாரித்த பல பேரில்...”

அங்கே நிறுத்திவிட்டார். மீதியைப் படிக்கச் சொல்லி வகுப்பே கூச்சல் போட்டது. தையல்காரர்தான் அதிகம் கத்தினார், போன மாதம் அழுத கோபம் அவருக்கு. தலைமுறையின் முகத்தில் அசடு வழிந்தது. இரண்டு வருடமாக நான் கனவு கண்ட காட்சி. உட்கார்ந்து ரசித்தேன்.

ஆனால் மனிதர் முப்பது வருடம் வகுப்பெடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் அட்டையப் பாத்துதான் எழுதினேன். ஒத்துக்கறேன், அது தப்பு. அந்த அட்டைய எழுதினது யாரும்மா?”

“நான்தான்” என்றேன்.

“தெரிஞ்சே எழுதினீங்களா?”

“தெரிஞ்சே.”

“அப்ப மீதி முப்பதாயிரத்துச் சொச்சத்துல எது நெஜம்னு நாங்க எப்படி நம்பறது?”

அவர் குத்தலாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நிஜமாகவே கேட்டார். தலைமை நூலகரின் பொத்தான் அறுந்து தரையில் உருண்டது. இருபத்திரண்டு வருட வேலை, ஒரே ஒரு அட்டை, முடிந்தது கதை.

தலைமை நூலகரும் வகுப்பும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு இப்படி ஆயிற்று: எல்லா அட்டையையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சரியென்றால் மூலையில் ஒரு பென்சில் கோடு. ஒப்பிடுகிறவர்கள் வகுப்புக்காரர்கள், நான் அட்டை பக்கமே போகக்கூடாது, ஏணியில் ஏறி இறங்குவது என் வேலை. தலைமுறை தானாகவே கை தூக்கினார். வாயையும் மூக்கையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பத்து வரிக்கு ஒரு தும்மல் வீதம் பதிவேடு பார்த்தார். நாலு மாதத்தில் என் பிழைகள் நூற்றுச் சொச்சம் அகப்பட்டன. ஒருவருக்கு வயதைக் கூட்டியிருந்தேன், ஒரு பெண்ணை அவள் மாமியாருக்கே மகளாக்கியிருந்தேன். ஒவ்வொன்றையும் தலைமுறை துண்டுக்குள்ளிருந்து உரக்க வாசிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் நிற்பேன். ஆனால் ஒன்று, இன்னொரு பொய் அட்டை எதுவும் அகப்படவில்லை.

குழந்தைகள் இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டைத் தபால்காரம்மா தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சனிக்கிழமை காலை, அவர் விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“மேடம், இந்தப் பக்கத்துல பன்னெண்டு பிள்ளைங்க இருக்கு. அட்டை ஒம்போதுதான் இருக்கு.”

ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. பார்த்ததும் நினைவு வந்தது. என் அட்டையின் முதல் வரி தகப்பன் பெயர். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டிப்போயிருந்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. தபால்காரம்மா பக்கங்களைத் திருப்பத் திருப்ப நான் எண்ணினேன். மொத்தம் அறுபத்தோரு பிள்ளைகள். இல்லாத கடிகாரக்காரருக்குத் தகப்பனைக்கூடக் கண்டுபிடித்து அட்டை எழுதியவள் நான்.

தபால்காரம்மா வந்த முதல் நாள் “இல்லம்மா” என்றேனே, அன்றைக்கு நானும் அட்டையைத்தான் பார்த்தேன். பதிவேட்டைத் திறக்கவில்லை.

அவர் அம்மா நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தார். பெயர், பிறகு ‘வயது மூன்று இருக்கலாம்’. தகப்பன், ஒரு கோடு. தாய், ஒரு கோடு. அதற்கு அடுத்து ‘கொண்டுவந்து விட்டவர்’ என்று ஒரு பத்தி. அதில் எழுதியிருந்தது: ‘அக்கா. வயது ஒன்பது. எழுதத் தெரியாது.’ பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. என் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும்.

தபால்காரம்மா அதைத் தொடவில்லை. தன் விரலை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

“யாரோ தெருவுல விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுதான் எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. ‘வேணாம்னு போட்டுட்டுப் போன பொருளு நானு’ன்னு சொல்லுவா. இல்ல மேடம். அக்காதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கா.”

அம்மா இறந்து எத்தனை வருடம் என்று கேட்டேன். ஆறு என்றார். நான் இந்தப் பதிவேட்டுக்கு அட்டை எழுதி முடித்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை.

“நான் அன்னிக்கே எழுதியிருந்தா உங்கம்மா இதப் பாத்திருப்பாங்க” என்றேன்.

“ஆமா” என்றார் அவர். பூசி மெழுகவில்லை. பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, “இப்ப எழுதுங்க” என்றார்.

தலைமுறை ஒரு வெற்று அட்டையை என் முன்னால் தள்ளிவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சேமிப்பறைக்குள் போனார். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வேறு எந்தப் பதிவேட்டிலாவது அகப்படுவாளா என்று பார்க்கத்தான். ஏணி ஆடும் சத்தமும் தும்மலும் மாறி மாறிக் கேட்டன.

முதல் வரியில், தகப்பன் பெயருக்குப் பதிலாக, தபால்காரம்மாவின் அம்மா பெயரையே எழுதினேன். கீழே, கொண்டுவந்து விட்டவர், அக்கா, வயது ஒன்பது.

“வெறும் அக்கான்னு போட்டா எனக்கு யாருன்னு தெரியாமப் போயிரும். பெரியம்மான்னு போடுங்க.”

“பதிவேட்டுல இருக்கறதத்தான் எழுதணும். நீங்க சொல்றதுக்கு ஆதாரம் வேணும்.” வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“ஆதாரம்னு எம் பேரப் போடுங்க” என்றார் தபால்காரம்மா. போட்டேன்.